கேட்டாங்க, கொடுத்தோம்

2017 ஆகஸ்ட் 19ஆம் தேதி. ஸ்பெயினின் கிரனாடா நகரத்துக்கு விடுமுறைக்குப் போயிருந்த ஒரு நாவலாசிரியரை போலீஸ் ஹோட்டலில் வைத்துக் கைது செய்தது. பெயர் தோகான் அக்கான்லி. துருக்கியில் பிறந்து, 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனிக்குத் தப்பி வந்து, 2001இல் ஜெர்மன் குடிமகன் ஆனவர். ஆர்மீனிய இனப்படுகொலையைத் துருக்கி மொழியிலேயே நாவலாக எழுதியவர். துருக்கி அரசு இன்றுவரை 'அப்படியொன்று நடக்கவில்லை' என்று சொல்லும் விஷயம் அது.

கைதாணையில் நாவலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 1989இல் இஸ்தான்புல்லில் நடந்த ஒரு கொள்ளை, அதில் ஒரு கொலை. அந்த வழக்கில் 2011இல் அக்கான்லி விடுதலை ஆனார். இரண்டு ஆண்டு கழித்து அந்த விடுதலையை மேல் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு மறுபடி உயிர் பெற்றது, பெயர் இண்டர்போல் வலைக்குள் போனது. கிரனாடாவில் யாரோ ஒரு அதிகாரியின் கணினித் திரையில் அந்தப் பெயர் எரிந்தது. அவ்வளவுதான். மறுநாள் நிபந்தனையோடு வெளியே விட்டார்கள். ஆனால் ஸ்பெயினை விட்டு வெளியேறக் கூடாது. ஏறக்குறைய இரண்டு மாதம் மாட்ரிட்டில் காத்துக்கிடந்தார். இண்டர்போல் இப்படிப் பயன்படுத்தப்படக் கூடாது என்று ஜெர்மன் பிரதமர் அங்கேலா மெர்கெல் வெளிப்படையாகவே சொன்னார். அக்டோபரில் ஸ்பெயின் அரசு, திருப்பி அனுப்ப முடியாது என்று முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு 'கிரனாடாவில் கைது' என்ற தலைப்பிலேயே அக்கான்லி ஒரு புத்தகம் எழுதினார். 2021இல் காலமானார்.

இந்தச் சம்பவத்தில் அரசியல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஸ்பெயின் போலீஸ்காரருக்கு அக்கான்லி மேல் எந்தக் கோபமும் இல்லை. அவருடைய நாவலில் ஒரு பக்கத்தைக்கூட அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. 'கோரிக்கை வந்தது' என்பார். இண்டர்போலைக் கேட்டால், நாங்கள் உறுப்பு நாடுகளின் தகவலைக் கைமாற்றுகிறோம், கைது செய்வது எங்கள் வேலையில்லை என்று சொல்லும். துருக்கியைக் கேட்டால், இது சாதாரணக் கொலை வழக்கு என்று சொல்லும். மூன்று பேரும் தனித்தனியாக எடுத்தால் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு எழுத்தாளர் கையில் விலங்கு ஏறிவிட்டது. ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் அரசியல் ஒளிந்துகொள்கிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால்: கேட்டாங்க, கொடுத்தோம்.

இந்த இரண்டு சொற்களை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு படிப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. கவிதையையும் நாவலையும் மட்டும்தான் விமர்சிக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு கைது அறிக்கையிலும் கதைசொல்லி இருக்கிறான், கதாபாத்திரம் இருக்கிறது, சொல்லாமல் விட்ட இடங்கள் இருக்கின்றன. நம்மில் பலர் ஒரு சிறுகதையின் கடைசி வரியை நாள்கணக்கில் விவாதிப்போம். ஒரு மனிதனை விமானத்தில் ஏற்றிவிடும் நான்கு வரி அறிக்கையை ஒரே மூச்சில் படித்துவிட்டு விரலால் மேலே தள்ளிவிடுகிறோம்.

இண்டர்போலின் சட்டத்தில் மூன்றாவது பிரிவு என்று ஒன்று உண்டு. அரசியல், இராணுவம், மதம், இனம் சார்ந்த எந்த விஷயத்திலும் அமைப்பு தலையிடக் கூடாது என்பது அது. நல்ல விதிதான். ஆனால் ஒரு வீட்டு வாசலில் 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று பலகை தொங்கினால், அங்கே குப்பை கொட்டுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

வரலாறு அதைத்தான் சொல்கிறது. ஐரோப்பாவில் நாடு தாண்டிய போலீஸ் ஒத்துழைப்பு, திருடர்களைப் பிடிக்கத் தொடங்கியதல்ல. 1848 புரட்சிகளுக்குப் பிறகு, 1851இல் ஜெர்மன் மொழி பேசும் அரசுகள் தங்களுக்குள் ஒரு போலீஸ் கூட்டு வைத்துக்கொண்டன. ஜனநாயகம் கேட்டவர்கள், சோசலிஸ்டுகள், பத்திரிகைக்காரர்கள் எங்கே போகிறார்கள், யாரோடு கூடுகிறார்கள் என்ற தகவலைப் பரிமாறிக்கொள்வதுதான் அதன் வேலை. 1898இல் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தை ஜெனீவாவில் ஒரு அராஜகவாதி குத்திக் கொன்ற பிறகு, ரோம் நகரில் ஐரோப்பிய அரசுகள் கூடின. அங்கே அவை செய்த காரியத்தில் முக்கியமானது ஒரு சொல் வேலை: அராஜகவாதச் செயல்களை அரசியல் குற்றமாகக் கருதக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். ஏன்? அரசியல் குற்றவாளியைத் திருப்பி அனுப்புவதில்லை என்ற மரபு அப்போது பல நாடுகளில் வேரூன்றி இருந்தது. 'அரசியல்' என்ற பெயரை எடுத்துவிட்டால் ஆளை அனுப்பிவிடலாம். பிற்பாடு 'பயங்கரவாதம்' என்ற சொல் செய்யப்போகிற வேலைக்கு ஒத்திகை அங்கேயே நடந்துவிட்டது.

இண்டர்போலின் முன்னோடி அமைப்பு 1923இல் வியன்னாவில் உருவானது. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது அதையும் சேர்த்து விழுங்கினார். 1940இல் அதன் தலைவர் ஆனவர் ரைன்ஹார்ட் ஹெய்ட்ரிக், யூதப் படுகொலையைத் திட்டமிட்டவர்களில் ஒருவர். 'நாங்கள் வெறும் தொழில்நுட்பம்' என்று சொல்லும் ஒரு கோப்பு அலமாரி யார் கைக்குப் போகிறதோ அவர்களுக்கு வேலை செய்யும்.

போருக்குப் பிந்திய ஐரோப்பா இதற்குக் கண்ட மருந்து, நம்பிக்கை. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பொதுக் கைதாணை முறையைக் கொண்டுவந்தது. பயங்கரவாதம் உள்பட 32 வகைக் குற்றங்களுக்கு, கேட்கும் நாட்டில் குற்றமாக இருப்பது கொடுக்கும் நாட்டிலும் குற்றமா என்று பார்க்கத் தேவையில்லை. உன் நீதிமன்றத்தை நான் நம்புகிறேன், என் நீதிமன்றத்தை நீ நம்பு. 2018 மார்ச்சில் கட்டலோனியத் தலைவர் புஜ்டமோன் ஜெர்மனியில் பிடிபட்டபோது இந்த நம்பிக்கை சோதனைக்கு வந்தது. ஸ்பெயின் கேட்டது 'கலகம்' என்ற குற்றத்துக்காக. அந்தச் சொல் 32இல் இல்லை. எனவே ஜெர்மன் மாநில நீதிமன்றம் அதைத் திறந்து பார்த்தது, எங்கள் சட்டப்படி இது கலகமாகாது என்றது. நிதி முறைகேட்டுக்கு மட்டும் அனுப்பலாம் என்று சொன்னதும், ஸ்பெயின் கோரிக்கையையே மீட்டுக்கொண்டது. சில மாதங்களுக்கு முன் அக்கான்லியைத் துருக்கிக்குக் கொடுக்க மறுத்த அதே ஸ்பெயின்தான். கொடுக்கும்போது ஒரு நியாயம், கேட்கும்போது இன்னொரு நியாயம். ஒரு நீதிபதி சொல்லைத் திறந்து பார்த்ததால் வித்தியாசம் வந்தது. யாருமே திறந்து பார்க்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஐரோப்பா வரை போகவேண்டியதில்லை. கிள்ளான் போதும்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுவது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிப்பது ஆகியவை கோரிக்கைகள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இரண்டு கரையும் ஒரே பேரரசு, அதனால் கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரே. கப்பல் மட்டும் போதுமானதாக இருந்தது.

ஏழு ஆண்டு கழித்து அவசரகாலம். இன்றைய பண்டமாரானின் அடித்தளமே அப்போது போடப்பட்ட ஒரு புதுக்கிராமம். மக்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து, போலீஸ் காவலில் வைத்து, காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போகாமல் தடுக்கும் திட்டம் அது. அந்த முள்வேலியைத் தாங்கி நின்றதும் ஒரு சொல்தான். முதலில் காட்டுக்குள் இருந்தவர்களை அரசாங்கம் 'கொள்ளைக்காரர்கள்' என்றது. 1952இல் அதிகாரபூர்வமாகச் சொல்லை மாற்றி 'கம்யூனிஸ்டு பயங்கரவாதிகள்' என்றது. ஆள் அதே ஆள், காடு அதே காடு. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டபோது நேருவின் அரசாங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. பிரிட்டன் காது கொடுக்கவில்லை. ஆக, எல்லை தாண்டிய குரல் ஒருவரைக் காப்பாற்ற வந்தால் அது 'தலையீடு'. பிடித்துக்கொடுக்க வந்தால் அது 'ஒத்துழைப்பு'.

இந்தப் பின்னணியோடு கடந்த இருபது ஆண்டுகளுக்கு வருவோம்.

2007 நவம்பர் 25 பேரணிக்குப் பிறகு, டிசம்பரில் அன்றைய தேசியப் போலீஸ் படைத் தலைவர், இண்ட்ராஃப் இயக்கம் பயங்கரவாதக் குழுக்களின் ஆதரவைத் தேடுகிறது என்று சொன்னார். விடுதலைப் புலிகளின் பெயர் அடிபட்டது. அடுத்த வாரம் ஐந்து தலைவர்கள் இசா சட்டத்தில் உள்ளே போனார்கள். அந்தக் குற்றச்சாட்டை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை, ஏனென்றால் இசாவில் விசாரணையே கிடையாது. பதில் சொன்னது வாக்குப்பெட்டி. ஐவரில் ஒருவரான மனோகரன் காமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே 2008இல் இங்கே நம் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா தொகுதியில் ஜெயித்தார். இன்னொருவரான கணபதிராவ் 2022இல் கிள்ளானின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். பயங்கரவாதத் தொடர்பு என்று சொல்லப்பட்டவர்களை இந்த ஊர் தன் பிரதிநிதியாக அனுப்பியது. அந்தச் சொல் அவ்வளவு சீக்கிரம் கழன்று விழுந்தது என்றால், முதலில் எதை வைத்து ஒட்டினார்கள்?

2009 ஆகஸ்ட். முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கே.பி. எனப்படும் செல்வராசா பத்மநாதன், கோலாலம்பூர் நகரத்தில் ஒரு ஹோட்டலிலிருந்து பிடிக்கப்பட்டு கொழும்புக்குக் கொண்டுபோகப்பட்டார். இண்டர்போல் தேடிய ஆள். புலிகளின் ஆயுதக் கொள்முதலை நடத்தியவர் என்று சொல்லப்பட்டவர். வெளிப்படையான நாடு கடத்தல் விசாரணை எதுவும் இங்கே நடக்கவில்லை. பிறகு என்ன ஆனது? இலங்கையில் அவர் மேல் வழக்கு நடக்கவில்லை. கிளிநொச்சியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லங்களை நடத்தினார். அவர் அப்படி வாழ்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 'நீதிக்காகத் தேடுகிறோம்' என்று சொல்லிக் கேட்ட அரசு, ஆள் கைக்கு வந்ததும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

2012 பிப்ரவரி. ஹம்சா கஷ்கரி, 23 வயது, சவூதி கவிஞர். நபிகளோடு தான் பேசுவதாகக் கற்பனை செய்து சில ட்வீட்டுகள் எழுதினார். மரண மிரட்டல்கள் வந்தன. நியூசிலாந்துக்குத் தப்பிப் போகிற வழியில் நம் விமான நிலையத்தில் இறங்கினார். 9ஆம் தேதி பிடித்தார்கள், 12ஆம் தேதி சவூதிக்கு அனுப்பினார்கள். வழக்கறிஞர்கள் தடையுத்தரவு வாங்கிய நேரத்தில் விமானம் கிளம்பியிருந்தது. இதில் ஒரு சின்ன விவரம் முக்கியம். இண்டர்போல் வழியாக வந்த கோரிக்கையின் பேரில் பிடித்தோம் என்று முதலில் போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது. இண்டர்போல் அதை மறுத்தது, எங்கள் வழியில் எதுவும் போகவில்லை என்றது. அதாவது 'கேட்டாங்க' என்பதில் யார் கேட்டது என்பதே தெளிவில்லை. ஆனால் 'கொடுத்தோம்' என்பது மட்டும் நடந்துவிட்டது. அந்தக் கவிஞர் சிறையிலிருந்து வெளியே வர 2013 அக்டோபர் ஆனது.

2014 மே 15இல் மூன்று இலங்கைத் தமிழர்கள் இங்கே பிடிபட்டார்கள். புலிகளை மீட்டெழுப்ப முயன்றவர்கள் என்றார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவர்கள் அவர்கள். மே 26இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பதினொரு நாள். மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன. மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு என்பதால், ஐ.நா. அட்டை இங்கே ஒரு தாளுக்குமேல் பெரிதாக எதுவும் இல்லை.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2014 மார்ச் 21 தேதியிட்ட அரசிதழில் இலங்கை 16 அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. ஆறு நாள் கழித்து, மார்ச் 27இல், இலங்கைப் போரின் கடைசிக்கட்டம் பற்றி ஐ.நா. விசாரிக்க வேண்டும் என்று ஜெனீவாவில் தீர்மானம் நிறைவேறியது. பட்டியலில் இருந்தவற்றில் உலகத் தமிழர் பேரவை, கனடியத் தமிழர் பேரவை போன்ற, ஜெனீவாவில் குரல் கொடுத்துக்கொண்டிருந்த அமைப்புகளும் உண்டு. ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று தேதிகளால் நிரூபிக்க முடியாது. ஆனால் பட்டியலின் பிற்கால வாழ்க்கை நிறையச் சொல்கிறது. 2015இல் ஆட்சி மாறியது, நவம்பரில் 8 அமைப்புகளும் 269 பேரும் நீக்கப்பட்டார்கள். கோத்தபாய வந்தார், 2021இல் பலர் மறுபடி சேர்க்கப்பட்டார்கள். பொருளாதாரம் சரிந்து, வெளிநாட்டுத் தமிழரின் முதலீடு தேவைப்பட்டது. 2022 ஆகஸ்டில் 6 அமைப்புகளும் 316 பேரும் மறுபடி நீக்கப்பட்டார்கள். மேலே சொன்ன இரண்டு பேரவைகளும் எட்டு ஆண்டில் உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று நான்கு முறை கதவைத் தாண்டின. அவர்கள் செய்த வேலை மாறவில்லை. கொழும்பில் நாற்காலியில் இருந்தவர்தான் மாறினார். இப்படிப்பட்ட பட்டியலை ஆதாரமாக வைத்து இன்னொரு நாட்டின் போலீஸ் ஒரு கதவைத் தட்டினால், அது குற்றத்தடுப்பா, அந்த நாற்காலிக்குச் செய்யும் சேவையா?

பிறகு 2019 அக்டோபர். இதுதான் நம்மில் அதிகம் பேருக்கு நினைவிருக்கும். அக்டோபர் 10, 12 தேதிகளில் 12 பேர் சொஸ்மாவில் கைது. அதில் இருவர் ஜ.செ.க. சட்டமன்ற உறுப்பினர்கள்: நெகிரி செம்பிலானின் குணசேகரன், மலாக்காவின் சாமிநாதன். பத்து ஆண்டுக்கு முன் தோற்று அழிந்த ஓர் அமைப்புக்கு ஆதரவு என்பது குற்றச்சாட்டு. கைப்பேசியிலும் முகநூலிலும் இருந்த படங்கள், மாவீரர் நாள் கூட்டங்கள் ஆகியவை ஆதாரங்களில் சில. சொஸ்மாவில் 28 நாள் தடுப்புக்காவல் உண்டு, ஜாமீன் கிடையாது. அந்த ஜாமீன் மறுப்புப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று சாமிநாதன் வழக்கில் நவம்பர் 29இல் உயர்நீதிமன்றம் சொன்னது. 2020 பிப்ரவரி 21இல் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொண்டார். ஒரு தலைவரின் படத்தை வைத்திருப்பதாலோ, அவரை வழிபடுவதாலோ ஒருவர் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்பது அவர் விளக்கத்தின் சாரம். சே குவேரா, மாவோ போன்றவர்களைக் கொண்டாடுகிறவர்களை உதாரணம் காட்டினார். மூன்று நாள் கழித்து அந்த ஆட்சியே கவிழ்ந்தது. அதே மாதக் கடைசியில் அவரும் பதவி விலகினார். ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தால் அந்தக் கையெழுத்து யாருடையதாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டோமி தோமஸின் விளக்கம் செய்த காரியத்தை நான் ஒரு விமர்சகரின் வேலை என்றுதான் சொல்வேன். அவர் 'பயங்கரவாதம்' என்ற சொல்லை எடுத்து, அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று கொட்டிப் பார்த்தார். உள்ளே புகைப்படங்கள் இருந்தன.

இதே வேலையை வேறு இடங்களிலும் நீதிபதிகள் செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் புலிகளைத் தடை செய்தது. அந்தத் தடையைத் தொடர்ந்து நீட்டித்ததை எதிர்த்த வழக்கில், 2014இல் ஒன்றியத்தின் பொது நீதிமன்றமும், 2017 ஜூலையில் மேல் நீதிமன்றமும் கேட்ட கேள்வி எளிமையானது: இந்தத் தகவல் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? பத்திரிகைச் செய்திகளும் இணையத்தில் எடுத்தவையும் இந்திய அதிகாரிகளின் முடிவுகளும் என்று தெரிந்தது. இதை எந்தத் தகுந்த அதிகார அமைப்பும் ஆராய்ந்து முடிவெடுக்கவில்லையே என்று சொல்லி அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தார்கள். புலிகள் நல்லவர்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தடைகூட வேறு ஆவணங்களின் பேரில் தொடர்ந்தது. ஆனால் அந்தக் கேள்வி முக்கியம். சுவிட்சர்லாந்திலும் புலிகளுக்கு நிதி திரட்டினார்கள் என்ற பெரிய வழக்கில், புலிகளை அந்நாட்டுச் சட்டத்தின்படி குற்ற அமைப்பாக நிரூபிக்க முடியவில்லை என்று 2018இல் கூட்டரசுக் குற்றவியல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு சொல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போது அதன் எடை தானாகப் போவதில்லை. யாராவது மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. எல்லை தாண்டிய போலீஸ் ஒத்துழைப்பே வேண்டாமா? வேண்டும்தான். 1எம்டிபி பணத்தோடு மறைந்த ஜோ லோவை இண்டர்போல் இல்லாமல் எப்படித் தேடுவது? மனிதக் கடத்தலும் போதைப்பொருளும் பாஸ்போர்ட் பார்த்து நிற்பதில்லை. அதேபோல் புலிகளின் கைகளிலும் ரத்தம் உண்டு. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றதும், அதே ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை மொத்தமாக விரட்டியதும், பிள்ளைகளைப் படையில் சேர்த்ததும் நடந்தவை. தமிழன் என்ற பாசத்தில் இவற்றை மறைக்கும் எழுத்து, இலக்கியமாகவும் நேர்மையாகவும் இருக்க முடியாது. ஆனால் இந்தக் குற்றங்களைச் செய்தவர்களை விசாரிப்பது ஒன்று. 2019இல் மலாக்காவில் ஒருவர் கைப்பேசியில் இருந்த படத்தைக் குற்றமாக்குவது முற்றிலும் வேறொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறபோது, காத்தான்குடியில் இறந்தவர்களுக்குக்கூட நியாயம் கிடைப்பதில்லை. அவர்கள் சாவு வேறொருவரின் அரசியல் வசதிக்குப் பயன்படுகிறது, அவ்வளவுதான்.

நம்மையும் கொஞ்சம் விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2019இல் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் முதற்கொண்டு எல்லா இடத்திலும் தமிழர்கள் கொதித்தார்கள். கவிதைகள் வந்தன, மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டன. சரி. ஆனால் அதே கொதிப்பு 2014இல் மூன்று அகதிகளை அனுப்பியபோது எந்த அளவு இருந்தது? 2012இல் ஒரு கவிஞனை அவன் எழுதிய சில வரிகளுக்காகப் பிடித்துக்கொடுத்தபோது, கவிதை எழுதுகிற நம்மில் எத்தனை பேருக்கு அவன் பெயர் தெரிந்திருந்தது? சொஸ்மாவில் உள்ளே போனவர்களில் முஸ்லிம் இளைஞர்கள் ஏராளம். 'அவங்க நிஜமாவே ஏதாவது செஞ்சிருப்பாங்க' என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். போலீஸ் அறிக்கை நம்மைப் பற்றி வந்தால் அது புனைவு, மற்றவரைப் பற்றி வந்தால் உண்மைச் செய்தி. இது மோசமான வாசிப்பு.

இதைவிடச் சிக்கலான இடம் ஒன்று உண்டு. ஜாகிர் நாயக்கைத் திருப்பி அனுப்பு என்பது மலேசியத் தமிழர் பலரின் கோரிக்கை. மலேசிய இந்தியர்களைப் பற்றி அவர் பேசியவை புண்படுத்துபவை, அந்தக் கோபம் நியாயமானது. அவரை இந்தியா முறைப்படி கேட்டது. மலேசியா கொடுக்கவில்லை. இந்தியா கேட்ட சிவப்பு அறிவிப்பை இண்டர்போலும் 2017இல் மறுத்துவிட்டது. இங்கே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். முதலாவது, செல்வாக்குள்ள ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் கிடைக்கும் நிதானம், அகதி அட்டை வைத்திருந்த மூவருக்குப் பதினொரு நாள்கூட ஏன் கிடைக்கவில்லை? இது அரசாங்கத்துக்கான கேள்வி. இரண்டாவது நமக்கான கேள்வி: நமக்குப் பிடிக்காதவரை 'கேட்டாங்கல்ல, கொடுத்துடு' என்று நாம் சொன்னால், நாளைக்கு நமக்குப் பிடித்தவரைக் கொடுக்கும்போது எந்த வாயால் கேட்போம்? அவர் இங்கே பேசிய பேச்சுக்கு இங்குள்ள சட்டத்தில் இங்கேயே பதில் சொல்ல வைக்கலாம். அது வேறு பாதை, அதற்கு விமானம் தேவையில்லை.

இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 2019 பற்றி முகநூலில் நான் வாசித்த கவிதைகளில் பெரும்பாலானவை ஒரே உருவத்தைச் சுற்றி வந்தன: பிடிபட்ட வீரன், அழும் இனம். அந்தக் கவிதைகளின் சொற்களஞ்சியம் போலீஸ் அறிக்கையின் சொற்களஞ்சியத்தைத் தலைகீழாகப் போட்டதுதான். அங்கே 'பயங்கரவாதி', இங்கே 'மறவன்'. இரண்டிலும் காணாமல் போவது மனிதன். அவன் உணவகத்தில் மேசை துடைத்தானா, வாடகை கட்டினானா, ஊரில் அம்மாவோடு எந்த நேரத்தில் பேசினான், ஐ.நா. அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தானா என்பதெல்லாம் இரண்டு தரப்புக்கும் தேவையில்லாத விவரங்கள். கதை எழுதுகிறவனுக்குத்தான் தேவை. போலீஸ் அறிக்கை ஒரு மனிதனை ஒரு சொல்லாகச் சுருக்குகிறது. புனைவு அந்தச் சொல்லை மறுபடி மனிதனாக விரிக்க வேண்டும். வீரனாக ஊதிப் பெருக்கினால் அதுவும் சுருக்கம்தான்.

விமர்சகருக்கும் வாசகருக்கும் வேறொரு வேலை. அடுத்த முறை புக்கிட் அமானிலிருந்தோ கொழும்பிலிருந்தோ அங்காராவிலிருந்தோ ஓர் அறிக்கை வரும்போது மூன்று கேள்வி கேட்டுப் பழகுவோம். யார் கேட்டது? 'வெளிநாட்டுத் தரப்பு' என்று சொன்னால் போதாது, எந்த அமைப்பு, எந்தச் சட்டத்தின் கீழ்? எந்தச் சொல்லை வைத்துக் கேட்டது, அந்தச் சொல்லுக்குள்ளே இருக்கும் செயல் என்ன? கடைசியாக, ஏன் இப்போது? தேர்தலா, தீர்மானமா, கூட்டணிக்குள் சண்டையா, முதலீட்டாளர் மாநாடா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், அது சரியான பதிலாகவும் இருந்தால், கொடுக்கட்டும். குற்றவாளியைக் காப்பாற்றுவது யாருடைய நோக்கமும் இல்லை. பதில் இல்லையென்றால், அந்த அறிக்கை இன்னும் எழுதி முடிக்கப்படாத ஒரு பிரதி. முடிக்காத பிரதியை நம்பி ஒரு மனிதனை விமானத்தில் ஏற்றக் கூடாது.

அக்கான்லிக்கு ஒரு ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்தது, பேச ஒரு பிரதமர் இருந்தார், புத்தகம் போட ஒரு பதிப்பகம் இருந்தது. சாமிநாதனுக்கும் குணசேகரனுக்கும் ஐ.சி. இருந்தது, தொகுதி இருந்தது, கட்சி இருந்தது, கடைசியில் சொல்லைக் கொட்டிப் பார்த்த ஒரு சட்டத்துறைத் தலைவர் கிடைத்தார். 2014 மே 26இல் போன அந்த மூவருக்கு இருந்தது ஓர் அட்டை. அவர்கள் மேல் இருந்த சொல்லை இந்த நாட்டில் எந்த நீதிமன்றமும் திறந்து பார்க்கவில்லை. கிள்ளானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நாம் எழுதும் தமிழில் அவர்களைப் பற்றி ஒரு நல்ல சிறுகதைகூட என் கண்ணில் படவில்லை. எழுத உட்காருகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.